முதல் சீசன்: கொலராடோவா, இண்டியானாவா?

பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் புதுப் பயிற்சியாளர் வந்தால், வேறு கல்லூரி வீரர்களைக் கூட்டிவந்து அணியையே மாற்றிப்போடலாம். கொலராடோவில் டியான் சாண்டர்ஸும் இண்டியானாவில் கர்ட் சிக்னெட்டியும் அதைத்தான் செய்தார்கள். இருவரில் யாருடைய முதல் சீசன் சிறந்தது?

2022-இல் 1-11 (ஒரு வெற்றி, 11 தோல்வி) என்று கிடந்த கொலராடோ, 2023-இன் முதல் ஆட்டத்திலேயே டிசியூவை (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அவர்கள் மைதானத்தில் 45-42 எனச் சாய்த்தது. அடுத்த இரண்டும் வெற்றி. சில வாரம் கழித்து வந்தது ஸ்டான்ஃபோர்டு ஆட்டம். இடைவேளையில் 29-0 முன்னிலை. கடைசியில், இரண்டாவது கூடுதல் நேரத்தில், 46-43 தோல்வி. அந்த இரவை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஷெடூர், பயிற்சியாளரின் மகன், அந்த சீசனில் 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை தேறவே இல்லை. முடிவு 4-8.

சிக்னெட்டி, தான் முன்பு பயிற்சியளித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் தன்னிடம் ஆடிய ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தார். தன் முறை தெரிந்த ஆட்கள். முந்தைய வருடம் 3-9 எனத் தடுமாறிய இண்டியானா, 2024-இல் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றது. தோற்றது ஒஹாயோ ஸ்டேட்டிடமும், சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் நோட்ரே டேமிடமும் மட்டுமே.

இண்டியானாவின் எதிரணிகள் சுலபம் என்பார்கள். சரி, ஆனாலும் என் ஓட்டு இண்டியானாவுக்கே. கொலராடோ 9-4-க்கு உயர இன்னொரு வருடம் ஆனது.