‘லேப்டாப்பே தேவையில்ல சார்’ என்று டேப்லெட்டைத் தலையில் கட்டுகிறார்கள்: வேலூர், குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க

குடியாத்தத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. லுங்கி வியாபாரிகள் ஆறு பேர், மளிகைக்கடை இரண்டு, தீப்பெட்டி யூனிட் ஒன்று, பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனி. டேலி என்கிற கணக்கு மென்பொருளில் என்ட்ரி, மாசாமாசம் ஜிஎஸ்டி. அடுத்தவர் பில்லில் ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட என் தலையிலேயே 2025 நவம்பரில் 36,898 ரூபாய்க்கு மிளகாய் அரைத்துவிட்டார்கள். அரைத்தது வேலூர் டவுனுக்குள் இருக்கும் ஒரு பெரிய ஷோரூம். பெயர் போடவில்லை, இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். இந்த வித்தை ஒரு கடையோடு நிற்கிற வித்தை இல்லை.

என் பழைய லேப்டாப் 2017-ல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3. ஆன் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தால் அப்போதுதான் திரை வரும். பேட்டரி உப்பி, சார்ஜரைப் பிடுங்கினால் செத்துவிடும். சரி, தீபாவளி முடிந்தது, ஆஃபர் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று கே.வி.குப்பம் வழியாக பஸ் பிடித்து வேலூர் போனேன். பையில் பழைய லேப்டாப்பும் இருந்தது, எக்ஸ்சேஞ்சில் ஏதாவது தேறுமா என்று.

“இன்னா சார் பாக்குறீங்க?” என்று ஒரு பையன் வந்தான். இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், நல்ல துறுதுறுப்பு. பையைத் திறந்து காட்டினதும் உதட்டைப் பிதுக்கினான். “விண்டோஸ் 10 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு சார். இது 11 ஏறாது. இனிமே இத வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது.” இதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றது நிஜம். ஏழாம் தலைமுறைச் சிப்பில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது என்பதும் நிஜம். ஆனால் பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை அவன் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

லேப்டாப் பக்கம் கூட்டிப் போவான் என்று பார்த்தால் கண்ணாடி மேஜையில் இருந்த டேப்லெட்டிடம் கொண்டுபோய் நிறுத்தினான். 11 அங்குலத் திரை. கீழே ஒரு கீபோர்டை டக்கென்று ஒட்டவைத்தான், காந்தம். ஏதோ ஒரு பட்டனைத் தொட்டதும் திரையின் அடியில் டாஸ்க்பார் வந்தது, ஆப் எல்லாம் சின்னச் சின்ன ஜன்னலாகத் திறந்தன. “பிசி மோடு சார். பாருங்க, விண்டோஸ் மாதிரியே இருக்குதா?”

‘மாதிரியே’ என்றானே, அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

டேலி ஓடுமா தம்பி? “ஓடும் சார்.” எக்செல்? “ஓடும் சார்.” ஜிஎஸ்டி போர்டல்? “சூப்பரா ஓடும் சார்.” என் பிரிண்டர்? “வைஃபைல ஓடும் சார்.” அந்தப் பையன் வாயில் ஓடாத பொருளே இல்லை. பிளே ஸ்டோரைத் திறந்து ‘டேலி’ என்று தேடியும் காட்டினான். வரிசையாக வந்தது. நான் அதில் ஒன்றையாவது இறக்கி ஒரு வவுச்சர் போட்டுப் பார்த்தேனா? இல்லை. கடையில் ஏசி நன்றாக இருந்தது, பக்கத்தில் காபி வேறு கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

மேஜைமேல் இருந்த அட்டையில் ‘16 ஜிபி ரேம்’ என்று கொட்டை எழுத்து. வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் 8 ஜிபி. மீதி 8 ‘விர்ச்சுவல் ரேம்’. அதாவது ஸ்டோரேஜில் கொஞ்ச இடத்தை எடுத்து ரேம் என்று பெயர் வைப்பது. ஸ்டோரேஜ் ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது, தண்ணீர் கலந்த பாலுக்கு முழு லிட்டர் விலை சொல்வது மாதிரிதான்.

எனக்கு மிகவும் வெட்கமான விஷயம் இன்னொன்று. “ஜிஎஸ்டி குறைஞ்ச ரேட்டு சார் இது” என்றான், நானும் தலையாட்டினேன். 2025 செப்டம்பர் 22-ல் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது ஏசி, பெரிய டிவி, மானிட்டர் வகையறா. டேப்லெட், லேப்டாப் இரண்டும் முன்னாடியும் 18, இப்போதும் 18. மாசம் இருபது ரிட்டர்ன் போடுகிறவனிடம் இதைச் சொல்லி விற்றிருக்கிறார்கள் என்றால், மற்றவர்கள் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட் 27,999. கீபோர்டு 5,500. திரைமேல் ஒட்டும் கண்ணாடி கார்டு 900. கூடுதல் வாரண்டி 2,499. அந்த வாரண்டி, ‘கீழ விழுந்து உடைஞ்சாலும் மாத்திக் குடுப்போம்’ என்று வாயால் சொன்னது. தாளில் விழுந்தது, உடைந்தது, தண்ணீர் பட்டது எதுவும் சேராது.

நவம்பர் 10 ராத்திரி உட்கார்ந்தேன். மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு ரிட்டர்னுக்குக் கடைசி நாள்.

முதலில் டேலி. பிளே ஸ்டோரில் நான் இறக்கிப் பார்த்த அத்தனை ஆப்பும் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிற டேலியிலிருந்து கணக்கை எடுத்துக் காட்டுகிறவை. அந்தக் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. டேலி பிரைம் விண்டோஸில் நிறுவி ஓட்டும் மென்பொருள். ஆண்ட்ராய்டில் அதை ஏற்ற முடியாது. ஐபேடிலும் இதே கதைதான். அதிலும் 2025 செப்டம்பரில் வந்த அப்டேட்டில் ஜன்னல்களை இஷ்டத்துக்கு இழுத்து வைக்கலாம், பார்க்க லேப்டாப் போலவே இருக்கும், ஆனால் டேலி ஓடாது.

எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒரு வழி சொன்னான். மாச வாடகைக்கு விண்டோஸ் சர்வர் எடுத்து, அதில் டேலியைப் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப் ஆப் வழியாக டேப்லெட்டில் திறப்பது. அவன் சர்வரிலேயே முயற்சி செய்து பார்த்தேன். திறந்தது, சந்தோஷம். விற்பனை வவுச்சருக்கு எஃப்8 அழுத்தினேன். டேப்லெட்டில் சவுண்டு ஏறியது. பேமெண்டுக்கு எஃப்5 அழுத்தினேன். திரை வெளிச்சம் குறைந்தது. அந்த கீபோர்டில் மேல் வரிசை முழுக்க சவுண்டுக்கும் வெளிச்சத்துக்கும் பாட்டுக்கும் பட்டா போட்டு வைத்திருக்கிறது. நிஜ எஃப் பட்டன் வேண்டுமென்றால் மூலையில் இருக்கும் இன்னொரு பட்டனைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். டேலியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், எங்கள் விரல் கண்ணைக் கேட்காமல் எஃப் வரிசைக்குப் போகும். நாற்பது பில் போட ஒன்றேகால் மணி நேரம். “ஏங்க, நடுராத்திரில பாட்டு எதுக்கு?” என்று வீட்டம்மா எழுந்து வந்துவிட்டாள்.

எக்செல் இன்னும் வேடிக்கை. மொபைல் வேர்டு, எக்செல் ஆப்களில் 10.1 அங்குலம் வரை உள்ள திரையில் ஃபைலை இலவசமாகத் திருத்தலாம். அதற்கு மேல் போனால் பார்க்க மட்டும்தான், திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்ட வேண்டும். பெரிய திரை வேண்டும் என்று காசு கொடுத்து 11 அங்குலம் வாங்கினேனே, அந்தப் பெரிய திரைக்கே தண்டம். சரி, சந்தா கட்டலாம் என்றாலும், தீப்பெட்டி யூனிட்காரர் ஸ்டாக் ஷீட்டில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) இருக்கிறது. ஆண்ட்ராய்டு எக்செல்லில் மேக்ரோ ஓடவே ஓடாது.

நெசவாளர் சங்கத்துக்கு மனு, தீர்மானம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். பழைய ஃபைல் அத்தனையும் பாமினி எழுத்துருவில். டேப்லெட்டில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடந்தன. பாமினியை அதில் ஏற்ற எனக்கு வழி கிடைக்கவில்லை. (அரசாங்கமே 2010-ல், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்குப் போய்விட்டது, நான்தான் மாறவில்லை. இந்த ஒன்று என் தப்பு, கடைக்காரன் மேல் போட மாட்டேன்.)

தோல் கம்பெனி பிரைவேட் லிமிடெட். ஓடிபி வைத்து தாக்கல் செய்ய முடியாது, டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து இருக்கும் டோக்கனை, பென் டிரைவ் மாதிரி இருக்கும், சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். அதற்கான டிரைவரும் கையெழுத்துப் போடுகிற மென்பொருளும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியவை. விளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரிண்டர் பற்றி எழுதவே வேண்டாம், என்னுடையது யுஎஸ்பி வயரில் ஓடும் பழைய லேசர், அதற்கு வைஃபையே கிடையாது. மறுநாள் விடிகாலை ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, அவர்கள் கம்ப்யூட்டரில்தான் எல்லாவற்றையும் முடித்தேன்.

12-ஆம் தேதி டேப்லெட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பையன் அன்றைக்கு ‘லீவு’. மேனேஜர், “சீல் பிரிச்சு ஆக்டிவேட் ஆயிடுச்சு சார், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கம்ப்ளெய்ன்ட் லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பொருளில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உண்மைதான், குறை பொருளில் இல்லையே. திரும்பக் கடைக்கு வந்தால், “டேலி ஓடும்னு எங்க எழுதிக் குடுத்தோம்?” என்று கேட்டார். எழுதவில்லை. பில்லில் மாடல், சீரியல் நம்பர், தொகை, கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’.

1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் பழுதாக இருந்தால்தான் என்று இல்லை, அது எதற்குப் பயன்படும் என்று பொய் சொல்லி விற்பதும் முறையற்ற வணிகம்தான். ரேம் அட்டையை அன்றைக்கே என் பெண்ணுக்கு அனுப்ப போட்டோ எடுத்திருந்தேன், பில்லில் 8 என்று இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் கடையிலிருந்தே போன். பேசிப் பேசி, கீபோர்டு 5,500, வாரண்டி 2,499 இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். டேப்லெட்டை எடுக்கவில்லை. மாவட்ட ஆணையத்துக்குப் போயிருக்கலாம், 5 லட்சம் வரை மனுக் கட்டணம்கூட இல்லை. இரண்டு வருஷம் வரை டைம் இருக்கிறது. நான் போகவில்லை. சீசன் நேரம், வேலூருக்கு நடக்கத் தெம்பில்லை.

பழைய லேப்டாப்பை நெல்லூர்பேட்டையில் மாடிமேல் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். திருகாணியைக் கழற்றி ஹார்டு டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டான். “இன்னாணா, இதுக்குப் போயி அவ்ளோ பணத்தக் குடுத்தீங்க? டிஸ்க்குதான்ணா மெதுவா சுத்துது, மெஷின் நல்லாத்தான் கீது.” எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்), பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 5,900. இப்போது இருபது செகண்டில் திரை வருகிறது.

டேப்லெட்டை நான் திட்டவில்லை. ஜிஎஸ்டி போர்டல் அதில் நன்றாகத் திறக்கிறது, ஓடிபி போட்டு சின்னக் கடைகளுக்கு 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) தாக்கல் செய்தேன். பில்லை போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்க அதைவிட வசதி இல்லை. கரண்ட் போனாலும் கவலை கிடையாது. ஒன்பதாவது படிக்கும் என் பெண் பாடப் புத்தகத்தை அதில்தான் படிக்கிறாள், என் மாமியாருக்குச் சீரியல். படிக்க, பார்க்க, பேச, மெயில் அனுப்ப மட்டும் ஒருவருக்கு வேண்டுமென்றால் லேப்டாப்பே தேவையில்லைதான். விண்டோஸிலேயே ஓடும் டேப்லெட் என்று தனி ஜாதியும் உண்டு, மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மாதிரி. அது வேறு கணக்கு, விலையும் வேறு. முதலில் கேட்க வேண்டியது அதுதான்: உள்ளே இருப்பது விண்டோஸா, ஆண்ட்ராய்டா?

போன வாரம் எதிர்வீட்டு தறிக்கார அண்ணன், பிகாம் முதல் வருஷம் படிக்கும் தன் பெண்ணுக்கு டேப்லெட் வாங்கலாமா என்று என்னையும் கூட்டிப் போனார். வேறு கடை. அதே காந்த கீபோர்டு, அதே பிசி மோடு. “ஓடும் சார்” என்று இந்தப் பையனும் ஆரம்பித்தான். நான் பையிலிருந்து டோக்கனையும், மேக்ரோ போட்ட ஷீட் இருக்கிற பென் டிரைவையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். “ஓட்டிக் காட்டு தம்பி. காட்டிட்டு, டேலி ஓடும்னு பில்லுல ஒரு வரி எழுதி சீல் வெச்சுக் குடு.” பையன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஒரு நிமிசம் சார், மேனேஜரக் கூப்புட்றேன்” என்று உள்ளே போனான். மேனேஜர் வந்து மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “லேப்டாப் அந்தப் பக்கம் இருக்குது சார், வாங்க.”