பப்பாளியா, அத்தியா, மாம்பழமா? தாடி ஓணானின் தட்டுக்கு எது சரி

சிட்னியில் டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் வீடு முழுக்க மாம்பழ வாசனைதான். நான்கு வருடங்களுக்கு முன்னால், அப்படி ஒரு டிசம்பரில், எங்கள் தாடி ஓணான் ராசாவுக்கு ஒரு வாரம் தினமும் கென்சிங்டன் மாம்பழத் துண்டு கொடுத்தேன். ரசித்து ரசித்துத் தின்றான். அடுத்த வாரம் கீரைத் தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழையபடி இலை தின்ன அவனுக்குப் பத்து நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் எந்தப் பழம் தரலாம், எது வேண்டாம் என்று உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பியர்டட் டிராகன் என்று உலகம் முழுக்க வளர்க்கப்படும் இந்தப் பிராணி, நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அதனால் இங்கே நியூ சவுத் வேல்ஸில் வளர்ப்பதற்கு உரிமம் வாங்க வேண்டும். அந்தக் காய்ந்த நிலத்தில் கறையான், வண்டு, இலை, பூ என்று கிடைப்பதைத் தின்று வாழ்கிற உயிர் அது. சாறு சொட்டும் இனிப்புப் பழம் அங்கே அபூர்வம். வளர்ந்த ஓணானுக்குத் தட்டில் பெரும்பகுதி இலை, கொஞ்சம் பூச்சி. பழம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். குஞ்சுகளுக்குப் பூச்சிதான் முக்கியம். அவற்றுக்குப் பழம் தராவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.

பழத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது கால்சியத்தையும் பாஸ்பரஸையும். கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருந்தால் மிக நல்லது. பாஸ்பரஸ் மிஞ்சிய உணவையே தொடர்ந்து கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். கால்சியம் உடம்பில் சேர உதவும் புற ஊதா விளக்கும் சரியில்லை என்றால் தாடை மெலிந்து, கால் வளைந்து போகும். அடுத்தது சர்க்கரை. சர்க்கரையைச் சொன்னால் பல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இந்த ஓணானுக்கு முன்பக்கத்துச் சில பற்களைத் தவிர மற்றவை தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டி வளர்ந்தவை. விழுந்தால் மறுபடி முளைக்காது. மென்மையான, இனிப்பான உணவு பல் இடுக்கில் ஒட்டி, ஈறு வீங்கி, கடைசியில் எலும்பு வரை போய்விடும். ராசாவின் ஈறு ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு இருப்பதை மருத்துவர் காட்டிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, பழங்களுக்கு வருவோம். எண்கள் எல்லாம் 100 கிராமுக்கு ஏறத்தாழ.

வாழைப்பழத்தில் கால்சியம் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. நான்கு மடங்குக்கும் மேல் தலைகீழ். போதாக்குறைக்குப் பல்லில் அப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. திராட்சை, புளூபெர்ரி இரண்டிலும் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் இரு மடங்கு. புளூபெர்ரி வாய்க்கு அடக்கமாக இருப்பதால் எல்லோரும் அதையே நீட்டுகிறார்கள். எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை, வாடிக்கையாக வேண்டாம். தர்பூசணி பெரும்பாலும் தண்ணீர்; சற்று அதிகமானால் வயிறு இளகும். மாம்பழத்தில் கால்சியம் 11, பாஸ்பரஸ் 14, சர்க்கரை 14 கிராம். படுமோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ருசிக்குப் பழகிய ஓணான் இலையை ஒதுக்கிவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

உண்மையான போட்டி பப்பாளிக்கும் அத்திக்கும்தான்.

கால்சியத்தில் அத்திதான் முன்னால்: 35 மில்லிகிராம், பாஸ்பரஸ் 14. அதனாலேயே பல உணவுப் பட்டியல்களில் அதை முதலில் போடுகிறார்கள். ஆனால் சர்க்கரை 16 கிராம், மாம்பழத்தையும் தாண்டுகிறது. பழுத்த அத்தியின் உள்சதை பிசுபிசுவென்று ஒட்டும். பல் விஷயத்தை மனதில் வைத்தால் இது சின்னக் குறை இல்லை. உலர்ந்த அத்தி இன்னும் மோசம். எடையில் பாதிக்கு அருகில் சர்க்கரைதான்.

பப்பாளியில் கால்சியம் 20, பாஸ்பரஸ் 10. நாம் தேடுகிற இரண்டுக்கு ஒன்று அப்படியே இருக்கிறது. சர்க்கரை 8 கிராம், அத்தியில் பாதி. சதை வழுக்கிக்கொண்டு போய்விடும், அத்தியைப்போல் ஒட்டாது. வருடம் முழுக்கக் கிடைக்கும். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து, தோலையும் விதையையும் நீக்கி, ராசாவின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடச் சிறிய துண்டாக நறுக்குகிறேன். வாரத்துக்கு ஒரு நாள், நாலைந்து துண்டு, அதுவும் கீரைக்கு நடுவே கலந்து. தனியாக வைத்தால் பழத்தை மட்டும் பொறுக்கிவிடுவான். என் ஓட்டு பப்பாளிக்கே.

மூன்றாவதாக ஒரு பழத்தையும் சொல்ல வேண்டும்: சப்பாத்திக்கள்ளிப் பழம். கால்சியம் 56, பாஸ்பரஸ் 24. கால்சியத்தின் அளவில் இது எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. குவின்ஸ்லாந்தில் லட்சக்கணக்கான ஏக்கரை மூடிக்கொண்ட இந்தக் கள்ளியை அழிக்க 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள், அந்தப் புழுக்கள் காட்டையே தின்று தீர்த்தன. அந்த வரலாற்றுக்குப் பிறகும் பழம் சில காய்கறிக் கடைகளில் வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மயிர் முட்கள் ஒன்றுகூட இல்லாமல் தோலை உரிக்க வேண்டும். ஓணானின் நாக்கில் குத்தினால் அதன் வேதனை நமக்குத் தெரியவே தெரியாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் விட்டுவிடலாம்.

அவகாடோ மட்டும் கூடவே கூடாது, அது விஷம். ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரிப் புளிப்புப் பழங்களையும் நான் தருவதில்லை. நட்சத்திரப் பழத்தில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பிடிவாதம் பிடித்த அந்தப் பத்து நாளில் எனக்குக் கைகொடுத்தது பழமே இல்லை, பட்டர்நட் பூசணி. இந்த ஓணான்களுக்கு நிறம் நன்றாகத் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் துருவிக் கீரைமேல் தூவியதும் கிட்டே வந்து முகர்ந்தான், அப்புறம் இலையோடு சேர்த்தே கடித்தான். அதில் சர்க்கரை 2 கிராம்தான், கால்சியமும் பாஸ்பரஸை மிஞ்சி நிற்கிறது. இலை தின்னவைக்கத்தான் பழம் தேடுகிறீர்கள் என்றால் முதலில் பூசணியைத் துருவிப் பாருங்கள்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டி வேலிக்கு மேலாக அத்திப்பழம் நீட்டுவார். அதில் கால் பழம் ராசாவுக்கு. அந்த வாரம் பப்பாளி கிடையாது.