இரட்டை எழுத்து: அச்சிலேயே வந்ததா, அடிக்கும்போது வந்ததா?

பழைய நாணயத்தில் ஆண்டோ எழுத்தோ இரண்டாகத் தெரிந்தால், 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

அச்சு இரட்டிப்பு: நாணயம் அடிக்கும் அச்சைச் செய்ய, உருவம் மேடாக உள்ள தாய் அச்சை ஓர் எஃகு அச்சுக்கட்டையில் அழுத்துவார்கள். அந்நாளில் ஒருமுறை அழுத்தினால் உருவம் முழுதாகப் பதியாது. அச்சுக்கட்டையைக் காய்ச்சி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். அப்போது சற்றே திரும்பிவிட்டால் இரு உருவமும் அச்சிலேயே தங்கிவிடும்; அதில் அடித்த எல்லா நாணயத்திலும் ஒரே மாதிரி வரும். எழுத்து தடிக்கும், மேடு உருண்டிருக்கும், எழுத்து முனைகளில் பிளவு தெரியும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க லிங்கன் சென்ட் இதற்குப் பேர்போனது. அதில் லென்ஸே வேண்டாம்.

அடி இரட்டிப்பு: தளர்ந்த அச்சு, அடித்த கணத்தில் நகர்ந்து மேட்டின் ஓரத்தை நசுக்கும். படிபோல் தட்டையான, பளபளக்கும் விளிம்பு, எழுத்து மெலியும். பெரும்பாலும் கூடுதல் மதிப்பு கிடையாது. ஆனாலும் பல நேரம் அரிய பிழை என்று விற்கப்படுவது இதுதான்.