கூடுதலாகப் பிடித்த டியூ: கம்பெனியா, வங்கியா, ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

திண்டுக்கல்லில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் தங்கை வீட்டுக்காரர் ஒரு ஜூன் மாதக் காலையில் போன் செய்தார். "மச்சான், வண்டி டியூ ரெண்டு தடவை போயிருச்சு. நாளைக்குப் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், கணக்குல ஒண்ணுமில்ல" என்றார். குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம்.

நடந்தது இதுதான். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை 3,850 ரூபாய். 5-ம் தேதி கணக்கில் 3,600-தான் இருந்ததால் டியூ பவுன்ஸ் ஆகிவிட்டது. 7-ம் தேதி கலெக்‌ஷன் ஆள் வீட்டுக்கே வந்து போனில் லிங்க் அனுப்பினார். தவணை 3,850, பவுன்ஸ் சார்ஜ் 590, ஆக 4,440 ரூபாயை நின்ற இடத்திலேயே கட்ட வைத்தார். கட்டியாயிற்றே என்று மாப்பிள்ளை நிம்மதியாக இருக்க, 10-ம் தேதி அதே தவணைக்குக் கடன் கொடுத்த நிதி கம்பெனி மறுபடி வங்கிக்கு அனுப்பியது. அன்றுதான் சம்பளம் ஏறியிருந்தது. இன்னொரு 3,850 போய்விட்டது.

தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கிளைக்குப் போ, பேங்கில் சொல்லி நிறுத்து, ரிசர்வ் வங்கிக்குப் புகார் போடு, கோர்ட்டில் கேஸ் போடு. ஒருவர், "கணக்கைக் காலியா வச்சிரு, எப்படி எடுப்பான் பார்ப்போம்" என்றார். எல்லாம் நல்லெண்ணத்தில் சொன்னவைதான். ஆனால் எல்லா வழியும் எல்லாத் தவறுக்கும் பொருந்தாது. அந்த ஒன்றரை மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை அப்படியே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் மேண்டேட்டைப் பாருங்கள்

கடன் வாங்கும்போது நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதிதான் மேண்டேட். ஊரில் இன்னும் இ.சி.எஸ் என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் 'நாச்' முறையில் ஓடுகிறது. அந்தப் படிவத்தில் 'அதிகபட்சத் தொகை' என்று ஒரு கட்டம் உண்டு. மாப்பிள்ளையின் தவணை 3,850; அவர் மேண்டேட்டில் இருந்த அதிகபட்சத் தொகையோ 10,000. ஷோரூமில் ஏஜென்ட் நிரப்பியது, இவர் பார்க்கவில்லை.

எல்லாம் இதில்தான் இருக்கிறது. நீங்கள் அனுமதியே தராமல், அல்லது அனுமதியை ரத்து செய்த பிறகு பணம் போயிருந்தால் வங்கி பதில் சொல்ல வேண்டும். அனுமதி இருந்து, அதன் வரம்புக்குள் தவறாகக் கூடுதலாக எடுத்திருந்தால் வங்கியின் கம்ப்யூட்டருக்கு அது தவறாகவே தெரியாது. கம்பெனிதான் திருப்பித் தர வேண்டும். பிரிட்டனில் டைரக்ட் டெபிட் பிடித்தத்தில் தவறு நடந்தால், வாடிக்கையாளரின் வங்கியே முழுத் தொகையையும் உடனே திருப்பித் தரும் உத்தரவாதம் இருக்கிறது. வங்கி கொடுத்துவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் மேண்டேட் பிடித்தத்துக்கு அப்படி இல்லை. தினக்கூலிக்காரர்கள்கூட மேண்டேட் போட்டுத்தான் கடன் வாங்குகிறார்கள். அவர்களுக்கு அந்த உத்தரவாதம் கட்டாயம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கம்பெனியிடம் போவது: வாய் வார்த்தையா, எழுத்தா?

முதலில் கிளைக்குத்தான் போனோம். அங்கிருந்த பையன் மரியாதையாகவே பேசினான். "அடுத்த மாச டியூல அட்ஜஸ்ட் ஆயிரும்ணே, கவலைப்படாதீங்க." நாங்களும் நம்பி வந்துவிட்டோம். அடுத்த மாதம் 5-ம் தேதி முழு 3,850-ம் மறுபடி போனது. கூடுதல் பணம் கடன் கணக்கில் 'அதிகப்படி வரவு' என்று ஒரு வரியில் கிடந்ததே தவிர, வங்கிக்குப் பிடித்தப் பட்டியல் அனுப்புகிற இடத்துக்கு அந்தச் செய்தி போகவே இல்லை.

அட்ஜஸ்ட் செய்வதா, பணமாகவே திரும்பக் கேட்பதா? இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், கையில் காசு புழங்குகிறவருக்கு அட்ஜஸ்ட் பரவாயில்லை. ஆனால் அடுத்த மாதம் பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் தந்தால் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள். பீஸ் கட்ட வேண்டிய பணம் போனவருக்கு அட்ஜஸ்ட் என்பது ஒரு மாதத்துக்கு வட்டியில்லாக் கடனை கம்பெனிக்கு இவர் கொடுப்பது. பணமாகக் கேளுங்கள். அது உங்கள் பணம்.

இரண்டாவது முறை கிளைக்குப் போகவில்லை. நிதி நிறுவனங்கள் தங்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் கிளையில் எழுதி வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தப் பலகையைப் படமெடுத்து வந்து, அந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். கடன் எண், 7-ம் தேதி கட்டியதன் பரிவர்த்தனை எண், 10-ம் தேதி பிடித்தம் தெரியும் வங்கி ஸ்டேட்மென்ட் பக்கம், திரும்ப வேண்டிய தொகை 3,850. மொத்தம் எட்டு வரி. 5-ம் தேதி பவுன்ஸ் ஆனது எங்கள் தவறு. அதனால் அந்த 590-ஐப் புகாரில் இழுக்கவில்லை. நியாயமான கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டால், தவறான பிடித்தத்தை விட்டுவிட்டு அதற்கே பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வங்கியில் நிறுத்துவது

மேண்டேட்டை ரத்து செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. எழுதிக் கொடுத்து ரத்து செய்த பிறகும் பணம் போனால் பொறுப்பு வங்கியுடையது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி அடுத்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 'கம்பெனியிடம் கேட்டு வாருங்கள்' என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பினால் கடிதத்தைக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் அந்த சீல்தான் முக்கியம். மேண்டேட்டின் தனி எண்ணையும் கடிதத்தில் எழுதுங்கள். மேண்டேட் பதிவானபோது வந்த குறுஞ்செய்தியிலோ நெட் பேங்கிங்கிலோ அது இருக்கும்.

கடன் முடிந்து என்.ஓ.சி, அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, வாங்கிய பிறகும் பணம் பிடிக்கிறார்களா? அப்போது இதுதான் முதல் வேலை. கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். போன 3,850-ஐ இது திருப்பித் தராது. அடுத்த தவணையை மறந்தால் தாமதக் கட்டணம் ஏறும், சிபில் ஸ்கோர் இறங்கும்.

கணக்கைக் காலியாக வைக்கும் யோசனை இதைவிட மோசம். பணமில்லாமல் மேண்டேட் திரும்பினால், 2007-ம் ஆண்டுப் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25-வது பிரிவு செக் பவுன்ஸ் போலவே அதையும் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். தவறு செய்த கம்பெனி கையில் நாமே ஆயுதத்தைக் கொடுத்தது போலாகும்.

இன்னும் இரண்டு இடங்களிலும் வங்கிதான் முதல் கதவு. ஒன்று, கடையில் டெபிட் கார்டு தேய்க்கும்போது 1,250-க்கு 12,500 என்று அடித்துவிட்டால். பில்லோடு வங்கியில் கார்டு தகராறாகப் பதிவு செய்தால் 'சார்ஜ்பேக்' வழியில் கடைக்காரரின் வங்கியிடம் கேட்பார்கள். இன்னொன்று, யாரென்றே தெரியாத பிடித்தம். 2017 ஜூலை விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடி என்றால், செய்தி வந்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. இதில் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.

யு.பி.ஐ ஆட்டோபே என்றால் ஆப்புக்குள்ளேயே நீங்களே ரத்து செய்துகொள்ளலாம், வங்கிக்கு நடக்க வேண்டியதில்லை.

ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

கம்பெனி கைவிரித்த பிறகு இந்த இரண்டும்தான் உண்மையான போட்டி.

ஆம்புட்ஸ்மேன் என்றால் வாடிக்கையாளர் புகாரை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டம் 2021 நவம்பரில் வந்தது. கட்டணம் இல்லை, இணையத்திலேயே போடலாம், 14448-ல் வழி கேட்கலாம். கம்பெனிக்குப் புகார் கொடுத்து 30 நாள் பதில் வரவில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால்தான் எடுத்துக்கொள்வார்கள். புகார் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். கிளைப் பையனிடம் வாயால் சொன்ன அந்த முதல் மாதம் எங்களுக்கு இந்த 30 நாள் கணக்கில் சேரவே இல்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இது வங்கிக்கும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிதி நிறுவனத்துக்கும்தான். இன்சூரன்ஸ் பிரீமியம் கூடுதலாகப் போனால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் வேறு. ஜிம், கேபிள், ஆன்லைன் வகுப்பு என்றால் இந்தக் கதவே இல்லை.

அவற்றுக்கு 2019-ம் ஆண்டுச் சட்டப்படியான மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தாக்கள் நீளும். 3,850 ரூபாய்க்காக லேத் வேலையை விட்டுப் பல நாள் போய் நிற்க முடியுமா? பிடித்தத்தால் வேறு நஷ்டம் வந்திருந்தாலோ, கம்பெனி திரும்பத் திரும்ப அதையே செய்தாலோ போகலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, ஆனால் புகாரைக் கம்பெனியின் சரியான மேசைக்குக் கொண்டுபோவார்கள்.

ஒரே புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆகவே கடன் விவகாரத்தில் ஆம்புட்ஸ்மேனை முதலிலும் ஆணையத்தைப் பிறகும் வைத்துக்கொள்வதுதான் என் கணக்கு.

எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. மின்னஞ்சலின் கடைசி வரியில், 30 நாள் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குப் பிறகு ஆம்புட்ஸ்மேனிடம் போவோம் என்று மட்டும் எழுதியிருந்தோம். பதினோராம் நாள் 3,850 கணக்குக்கு வந்தது. பீஸை அதற்குள் தங்கை தோட்டை அடகு வைத்துக் கட்டியிருந்தாள். நகையை மீட்கக் கொடுத்த வட்டி 112 ரூபாய், அதைக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் போயிருக்கிறது.

வண்டிக் கடன் தை மாதம் முடிகிறது. என்.ஓ.சி கைக்கு வரும் அன்றே வங்கியில் கொடுக்க வேண்டிய மேண்டேட் ரத்துக் கடிதத்தை மாப்பிள்ளை இப்போதே எழுதி பாஸ்புக்குக்குள் வைத்திருக்கிறார். தேதி மட்டும் போடவில்லை.