திறக்காத வேர்டு கோப்பு: மழுப்பும் கூகுளா, மறுக்கும் மைக்ரோசாஃப்டா?

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார், ஓபன் ஆகல" என்று யாராவது என் மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, "எதுல திறந்து பாத்தீங்க?" என்பதைத்தான். பத்தில் ஏழெட்டு முறை கோப்பில் கோளாறு இருக்காது. ஒரே கோப்பு கூகுள் டிரைவில் திறக்கும், வேர்டின் வெப் பதிப்பில் முரண்டு பிடிக்கும். அல்லது நேர்மாறாக நடக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. பிடிஎஃப் கோப்பைக் காட்டும் வசதி குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. வேர்டு கோப்பின் இன்றைய வடிவமான டாக்எக்ஸுக்கு (.docx) அப்படி எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சன்னலுக்குள்ளேயே வேர்டு திறந்ததே என்றால், அது நம் கணினியில் இருந்த வேர்டையே உள்ளே இழுத்துக் காட்டிய வித்தை. குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் இப்படி வேறு மென்பொருளை உள்ளே இழுத்து ஓட்டும் பழைய பாணி ப்ளக்-இன்களைக் கைவிட்டன. இன்று பெரும்பாலும் எங்கோ இணையத்தில் இருக்கும் ஒரு கணினி, அதாவது சர்வர், கோப்பைப் படித்து நமக்குக் காட்டுகிறது. எந்த சர்வர் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்.

சர்வர்களை ஒப்பிடும் முன் கோப்பை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். டாக்எக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கிறுக்கலின் தொடக்கத்தில் பி, கே என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். டாக்எக்ஸ் என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். அந்த எழுத்துகள் ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். அவை இல்லையென்றால் யாரோ பழைய டாக் (.doc) கோப்பின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அல்லது கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். எழுத்துகள் இருந்தும் திறக்கவில்லையென்றால் பாதியில் அறுந்த டவுன்லோடாக இருக்கலாம். ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது; வால் போனால் எல்லாம் போன மாதிரிதான். அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதே சுலபம்.

சரி, கோப்பு நல்லதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

கூகுள் டிரைவ் ரொம்ப இணக்கமான ஆள். பழைய டாக், புதிய டாக்எக்ஸ் எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் காட்டிவிடும். படித்துப் பார்க்க மட்டும் என்றால் இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. சிக்கல் அந்த இணக்கத்தில்தான். தன்னிடம் இல்லாத எழுத்துருவுக்கு வேறொன்றை வைத்துவிடும், கோப்புக்குள் இருக்கும் குட்டி நிரலான மேக்ரோவை ஓட்டாது, இதையெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லாது. ஒரு விண்ணப்பப் படிவம் கூகுளில் நான்கு பக்கத்திலிருந்து ஐந்தாகி, கையெழுத்துக் கட்டம் மட்டும் ஐந்தாம் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. அப்படியே பிரிண்ட் எடுத்து அனுப்பியும் விட்டோம்.

வேர்டின் வெப் பதிப்பு கறார் பேர்வழி. தனக்கு ஒத்துவராத ஆவணமா, திறக்காது. பழைய டாக்கா, படிக்க விடும். திருத்த வேண்டுமென்றால் மாற்றிக்கொள் என்று கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது; அந்தச் செய்தியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. பக்க அமைப்பும் மற்றவற்றைவிடக் குலையாமல் வருகிறது. வெளியே போகும் கடிதமென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது கொலாபரா. இலவச ஆபிஸ் மென்பொருளான லிப்ரே ஆபிஸின் இயந்திரமே இதில் சர்வரில் ஓடுகிறது. கூகுள் டிரைவ் மாதிரி சொந்த சர்வரில் கோப்புகளை வைக்க உதவும் நெக்ஸ்ட்கிளவுடு வைத்திருக்கும் அலுவலகங்களில் பார்க்கலாம். விநோதமான கோப்புகளுக்கு இதுதான் கைகொடுக்கும். பல போர்ட்டல்கள் 'எக்செல் டவுன்லோட்' என்று தருவது உண்மையில் எக்செல்லே இல்லை, பெயரை மாற்றிய எச்டிஎம்எல் (வலைப்பக்க) அட்டவணை. நோட்பேடில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். லிப்ரே ஆபிஸ் பெயரை நம்பாமல் உள்ளே எட்டிப்பார்த்துத் திறந்துவிடுகிறது. இதன் பலவீனம் வேறு இடத்தில்: ஒரு கோப்பு கூடத் திறக்காமல் வெறும் சாம்பல் திரை வந்தால், கோப்பை நோண்டிப் பயனில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டு, இடையில் நிற்கும் ப்ராக்ஸி, உலாவியும் சர்வரும் தொடர்ந்து பேசிக்கொள்ளும் வெப்சாக்கெட் இணைப்பை உள்ளே விடுகிறதா என்று கேளுங்கள்.

எல்லாரும் சொல்லும் "இன்காக்னிட்டோவில் திறந்து பார்" என்பது, அதாவது உலாவியின் தனிப்பட்ட சன்னலில் திறப்பது, உலாவியில் நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களின் தொல்லையைக் கண்டுபிடிக்க நல்லது. ஆனால் குரோம் அங்கே மூன்றாம் தரப்பு குக்கீகளை (நாம் திறந்த தளமல்லாத வேறு தளம் உலாவியில் வைக்கும் குறிப்புகளை) இயல்பாகவே தடுக்கிறது. வேறொரு தளத்துக்குள் பதித்த ஆவணம் அதனாலேயே திறக்காமல் போகலாம். அங்கே தோற்றதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒன்று. கோப்பு திறக்கிறது, ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. அது பாமினி எழுத்துருவில் அடித்தது; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் குறி அரைப்புள்ளிதான். தமிழக அரசு 2010இலேயே எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, பழைய கோப்புகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூகுளில் இதற்கு வழியில்லை. கொலாபராவில் சர்வரிலேயே பாமினியை நிறுவினால் சரியாகத் தெரியும். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றியதும் மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மாற்றித் தரும் மென்பொருள் அவற்றையும் தமிழென்று நினைத்து உளறலாக்கி வைத்திருக்கும்.