ட்ரோன் மண் ஈரப்பத வரைபடம்: பினாங்கின் செபராங் பிறைத் தோட்டத்துக்கு எடுக்கலாமா?

புதிதாக மறுநடவு செய்த செம்பனை, காய்கறி நிலம் என்றால் தாராளமாக எடுக்கலாம். முதிர்ந்த செம்பனைக்கு வேண்டாம்.

ட்ரோனில் கட்டும் எல்-பேண்ட் ரேடியோமீட்டர் எந்த அலையையும் அனுப்பாது. மண் தானாக உமிழும் 1.4 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைத்தான் அளக்கும். ஈரம் ஏறினால் உமிழ்வு குறையும். நனைந்த பாத்தி குளிர்ந்ததுபோல் பதிவாகும். எட்டுவது மேல்மண் 5 செ.மீ. அளவுதான், வேர் ஆழத்து ஈரம் இதில் தெரியாது. ஆனாலும் பாத்திக்குப் பாத்தி வேறுபாடு கிடைப்பது பெரிய விஷயம். மண் ஈரம் அளக்கும் நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோளின் ரேடியோமீட்டர் பார்வை ஏறக்குறைய 40 கி.மீ. அகலம், பினாங்குத் தீவே அதற்குள் அடங்கிவிடும்!

இலைதழையில் சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் நீர் இருந்தால் மண்ணின் குரல் மேலே வராது. தண்ணீர் கட்டிய வயல் குளமாகவே தெரியும். கரிமண்ணுக்கு (பீட்) தனி அளவுத்திருத்தம் வேண்டுமென வரைபடம் எடுத்துத் தருபவர்களிடம் கேளுங்கள். சாதாரண மண்ணின் சூத்திரம் பொருந்தாது.

பறப்பு விடிவதற்கு முன் நடக்கட்டும், அப்போது இலையும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருக்கும். அன்றே குளத்தின் மேல் பறந்து கருவியைச் சரிபார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

கட்டாயம் வேண்டியது தரைச் சோதனை. 100 கன செ.மீ. வளையத்தில் மண் எடுத்து, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போட வேண்டும். வரைபடம் ஈரத்தைக் கன அளவு விகிதமாகக் காட்டும்; அதனால் நீருக்கும் உலர்ந்த மண்ணுக்கும் உள்ள எடை விகிதத்தை உலர்ந்த மண்ணின் அடர்த்தியால் பெருக்கிய பிறகே அதோடு ஒப்பிட முடியும். இந்தப் பெருக்கல் விடுபட்ட அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.