அரப்புத் தூள் வாங்கலாம், அந்த சன்ஸ்கிரீன் வேண்டாம்

ஈரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அரப்புத் தூள்தான் இந்த முறை வாங்கியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊஞ்ச மரத்து இலையைக் காயவைத்து அரைத்த பச்சைத் தூள், வேறு வாசனை எதுவும் சேர்க்கவில்லை. எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு போட்டுத் தலைக்குக் குளித்தால் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து முடியில் பிசுபிசுவென்று படிந்துவிடும், அரப்பில் நுரைப்பது சப்போனின் என்ற இலையிலேயே இருக்கும் பொருள் என்பதால் அந்தப் படிவு வருவதில்லை, நல்லெண்ணெய் வைத்த தலைகூட சுத்தமாகி முடி மெத்தென்று இருக்கிறது. வடிகஞ்சியில் குழைத்துத் தேயுங்கள். கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல், பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், துணியில் சலிக்காவிட்டால் துகள் முடியிலேயே தங்கிவிடும்.

சன்ஸ்கிரீன் ஏமாற்றம். துத்தநாக ஆக்சைடு அதிகம் போல, என் மாநிற முகத்தில் விபூதி பூசியது மாதிரி வெள்ளையாக நிற்கிறது. எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 50 என்பதற்காகவே கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத யுவிபி கதிர்களை, அதாவது தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம், அவ்வளவுதான் வித்தியாசம். திருப்பூர் வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் எண்ணைப் பார்ப்பதைவிட, போதிய அளவு பூசி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதுதான் முக்கியம்.

முகத்துக்குப் பூசும் நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) சீரம் சரி, பரவாயில்லை. 10 சதவீதம் எனக்குச் சிவந்தது, 5 சதவீதம் ஒத்துக்கொண்டது.